கேப் இல்லாத பேட்மேனுக்கு என்ன விலை? சூப்பர் ஹீரோ பொம்மைகள்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன், சிறுவயதில் விளையாடிய பேட்மேன் பொம்மையைக் கொடுத்தார். உயரம் ஐந்து அங்குலத்துக்குள். காலில் 1984, டிசி காமிக்ஸ் என்று பொறித்திருக்கிறது. பெட்டி இல்லை. துணி கேப் (முதுகில் தொங்கும் மேலாடை) இருக்கிறது. விற்றால் எவ்வளவு வரும்? (மதுரை)

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், கென்னர் நிறுவனத்தின் ‘சூப்பர் பவர்ஸ்’ வரிசையாக இருக்க வேண்டும். 1984 முதல் 1986 வரை வந்தது. காலில் உள்ளது வார்ப்பு அச்சின் பதிப்புரிமை ஆண்டு, பொம்மை செய்த ஆண்டு அல்ல. உங்கள் பொம்மை 1985இலோ 86இலோ கூட வார்க்கப்பட்டிருக்கலாம். பெட்டி இல்லாத நிலையில் அதைப் பிரித்துச் சொல்வது கடினம், விலையிலும் பெரிய வித்தியாசம் வராது. 1989இல் டாய் பிஸ் நிறுவனம் விட்ட டிசி வரிசையும் பார்வைக்கு இதன் தம்பிபோல இருக்கும். அதனால் பொறிப்பை நல்ல வெளிச்சத்தில் முழுதாகப் படியுங்கள்.

அடுத்தது இயக்கம். இந்த வரிசையின் உயிரே அதுதான். பேட்மேனின் இரண்டு கால்களையும் விரல்களுக்கு இடையே வைத்து மெதுவாக உள்ளே அழுத்தினால் கைகள் குத்துவிட வேண்டும். ஃப்ளாஷுக்கு நேர்மாறு: கைகளை அழுத்தினால் கால்கள் ஓடும். நாற்பது வருடப் பிளாஸ்டிக் என்பதால் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும். கை அசையவில்லை என்றால் உள்ளே இருக்கும் இணைப்பு உடைந்திருக்கும். யாரோ கையை வலுக்கட்டாயமாகத் திருப்பியதுதான் வழக்கமான காரணம். உடலைப் பிளந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒட்டு தெரிந்தால், இயங்காத பொம்மையைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகும்.

பிறகு கேப். பொம்மை பத்திரமாக இருந்து கேப் மட்டும் தொலைந்த பேட்மேன்கள் ஏராளம். அந்தக் குறையை நிரப்பப் புதிதாகத் தைத்த நகல் கேப்களும் அதே அளவு ஏராளம். நெசவு, நிறம், ஓர வெட்டு, கழுத்தில் மாட்டும் பகுதி ஆகிய நான்கையும், உறுதியான அசலின் பெரிய படங்களோடு ஒப்பிடுங்கள். கழுத்துப் பகுதியில் வெளுத்த கோடு இருந்தால் உடையப் போகிறது என்று பொருள். கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டாம். துவைக்கவே வேண்டாம், சாயம் போகும். நகல் கேப் என்றால் விற்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் கையில் எடுத்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

பெயின்ட் முதலில் தேய்வது துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில்: காது நுனி, மூக்கு, மார்பிலுள்ள மஞ்சள் சின்னம், இடுப்பு பெல்ட். தேய்ந்திருக்க வேண்டிய இடம் புத்தம்புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் காட்டினால், பின்னால் பூசிய பெயின்டும் பசையும் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும். கடைசியாகப் பொம்மையை நிற்க வைத்துப் பாருங்கள். இடுப்பு மூட்டு தளர்ந்து கால் பரப்பி விழுவது இந்த வரிசையில் அடிக்கடி காணும் குறை.

விலைக்கு வருவோம். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. ஈபேயில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டு, உங்களுடையது போலவே பெட்டி இல்லாத, கேப் உள்ள, இயங்கும் பொம்மைகளாகக் குறைந்தது ஐந்து எடுங்கள். எடுத்துக்காட்டாக 20, 24, 25, 27, 60 டாலர் என்று வந்தால், சராசரி போட்டு 31 என்று சொல்லாதீர்கள். நடுவில் நிற்கும் 25தான் உங்கள் அளவுகோல். அந்த 60இல் ஏதோ கூடுதல் சரக்கு இருந்திருக்கும். பேட்மேன் நிறையப் பேர் வாங்கிய பாத்திரம் என்பதால் சந்தையில் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இதே வரிசையில் 1986இல் கடைசியாக வந்த சைபார்க் கிடைத்திருந்தால் கதையே வேறு. அர்ஜென்டினாவில் பசிப்பா நிறுவனம் கிரீன் லான்டர்ன் அச்சையே எடுத்து நிறம் மாற்றி விட்ட ரிட்லரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

அட்டையில் சீல் பிரிக்காத ‘சூப்பர் பவர்ஸ்’ சூப்பர்மேன் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. மறுபடி ஒட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை)

பிளாஸ்டிக் குமிழ் அட்டையில் சேரும் ஓரத்தைச் சுற்றிலும் அருகில் வைத்து எடுத்த படங்கள் கேளுங்கள். தொழிற்சாலையில் சூடு கொடுத்து ஒட்டிய ஓரம் ஒரே அகலத்தில், தட்டையாக இருக்கும். மறுபடி ஒட்டியதில் பசை நூலாகவோ மினுக்கமாகவோ தெரியும். ஓரத்தை ஒட்டி அச்சுத்தாள் உரிந்து வெள்ளை நார் எழுந்திருக்கும். கீழ்ப்பக்கத்தை விடாமல் பாருங்கள். பொம்மையை வெளியே எடுப்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் பிரிப்பார்கள்.

அட்டையின் பின்புறத்தில் எத்தனை பாத்திரங்களின் படம் இருக்கிறது என்று எண்ணுங்கள். 12 என்றால் 1984, 23 என்றால் 1985, 33 என்றால் 1986. முதல் இரண்டு ஆண்டு அறிமுகமான பாத்திரங்களோடு குட்டி காமிக்ஸ் புத்தகம் வந்தது. மூன்றாம் ஆண்டுப் பாத்திரங்களுக்கு இல்லை. 12 படம் உள்ள அட்டையில் புத்தகத்தைக் காணோம் என்றால் காரணம் கேளுங்கள். மற்றபடி, கடையில் ஆணியில் மாட்டும் துளையை மூடியிருக்கும் அட்டைத் துண்டு பெயராமல் இருந்தால் விலை கூடும். குமிழ் மஞ்சளடித்திருந்தால் குறையும்.

ஹாட் டாய்ஸ் (ஹாங்காங் பொம்மை நிறுவனம்) பொம்மையின் தோல் உடை செதில் செதிலாக உரிகிறது. எண்ணெய் தடவலாமா? (நாகர்கோவில்)

தடவாதீர்கள். அது தோல் அல்ல, துணிமேல் பூசிய பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் பிணைப்பை உள்ளிருந்தே அறுக்கிறது. பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். உரிய ஆரம்பித்ததை நிறுத்த மருந்து கிடையாது. மாற்று உடைதான் வழி. அதனால்தான் செயற்கைத் தோல் உடை போட்ட பழைய பொம்மையை ‘பிரிக்காதது’ என்ற ஒரே காரணத்துக்காக அதிக விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்கிறோம். முழங்கை மடிப்பு, அக்குள், கழுத்துப்பட்டை மூன்றுக்கும் புதுப்படம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஊர் போன்ற கடலோரத்தில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பொம்மைக்கு 40 முதல் 55 வரை இருந்தால் நல்லது. மூடிய கண்ணாடி அலமாரி, ஈரம் உறிஞ்ச நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி, இவ்வளவு போதும். ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். கையை மடக்கிய நிலையில் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், மடிப்பில்தான் முதல் விரிசல் விழும்.

அயர்ன் மேன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணிலும் மார்பிலும் விளக்கெரிக்கும் பட்டன் பேட்டரிகளை இன்றே கழற்றிவிடுங்கள். கசிந்து வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால், பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஆல்கஹால் பெயின்ட் மேல் படக்கூடாது.

மெகோ (பழைய அமெரிக்கப் பொம்மை நிறுவனம்) ஸ்பைடர்மேனின் முதுகில் ரோமன் எண்ணில் 1974 என்றிருக்கிறது. 1974இல் செய்ததுதானே? (சென்னை)

இல்லை. அது அந்த உடல் வடிவத்தின் பதிப்புரிமை ஆண்டு. மெகோ தன் 8 அங்குல ஹீரோக்களின் உடலைப் பிறகு பல ஆண்டுகள் அதே பொறிப்போடு வார்த்தது. 1971 என்று பொறித்த முந்தைய உடலும் உண்டு. தலை, உடல், உடை எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை என்பதால், உடல் ஒரு காலமும் உடை ஒரு காலமுமாக இருப்பது சகஜம். உள்ளே உறுப்புகளைப் பிடித்திருக்கும் எலாஸ்டிக் இற்றுப்போய்க் கைகால் தொங்கினால் பயப்பட வேண்டாம், அதை மாற்ற முடியும். மாற்றியதை மட்டும் விற்கும்போது மறைக்காதீர்கள்.

ஏஎஃப்ஏ (பொம்மைகளுக்குத் தரம் போடும் அமெரிக்க நிறுவனம்) தரச்சான்று வாங்கினால் விலை ஏறுமா? (திருச்சி)

பொம்மையைப் பொறுத்தது. அவர்கள் 100க்கு மதிப்பெண் போட்டு, அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து மூடித் தருகிறார்கள். அட்டையோடு இருந்தால் அட்டை, குமிழ், பொம்மை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அமெரிக்காவுக்கு அனுப்பி வரவழைக்க வேண்டும். போகவர அஞ்சல், காப்பீடு, கட்டணம், திரும்பி வரும்போது சுங்கத்தில் எழும் கேள்விகள், எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அனுப்பும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டுத்தொகை பொம்மை விலையில் கால்பங்கைத் தாண்டினால் எங்கள் பதில்: வேண்டாம். பெட்டி இல்லாத சாதாரணப் பாத்திரத்துக்குச் சான்று வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.