பட்டாலையில் அமர்ந்து துப்புத் துலக்கலாமா?

குற்றச் சம்பவங்களைப் பற்றிய ஆவணப்படங்களில், காவல்துறையைச் சேராத சாதாரண மனிதர்கள் இணையத்தில் கூடித் துப்புத் துலக்குவதைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் செட்டிநாட்டிலிருந்து வந்தவை சற்று அதிகம். எண்பது ஜன்னல் வைத்த வீட்டில் பட்டாலை என்னும் உயர்ந்த திண்ணையில் வயதானவர்கள் இருவரும் ஒரு தொலைக்காட்சியுமாக மாலைகள் கழிகிற ஊர்கள் அவை என்பதால் எனக்கு வியப்பில்லை. நான்கு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பூனைகளைக் கொன்று காணொளி வெளியிட்டவனை முகநூல் நண்பர்கள் தேடிப் பிடிக்கும் படத்தைப் பார்த்து மலைத்துப்போனேன். போலீசார் செய்யாததை அவர்கள் செய்தார்கள். என் மகனோ, வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்கிறான். யார் சொல்வது சரி? – ஒரு வாசகி, காரைக்குடி

நான் உங்கள் பக்கமே அதிகம் சாய்கிறேன். ஆனால் ஓர் இடம் வந்ததும் நின்றுவிடுகிறேன். 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த அந்த மூன்று பகுதிப் படத்தில், காணொளியின் ஓரத்தில் தெரிந்த தூசி உறிஞ்சும் கருவி எந்த நாட்டுக் கடைகளில் விற்பது என்பது வரை துருவிய அந்தக் குழு, கடைசியில் ஆளின் பெயரை எட்டியது. கனடாக் காவல்துறையிடமும் சொன்னது. சொன்னதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. 2012 மே மாதத்தில் அவன் மான்ட்ரியலில் ஒரு மாணவரைக் கொன்றான். இவ்வளவு பொறுமையை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அவன் பிடிபட்ட விதத்தைக் கவனித்தீர்களா? பெர்லினில் ஓர் இணைய மையத்தில் வேலை பார்த்தவர், செய்தியில் பார்த்த முகம் எதிரே உட்கார்ந்திருப்பதைக் கண்டு போலீசாருக்குச் சொன்னார். கதை அங்கே முடிந்தது. அதற்கு முன்பு, சம்பந்தமே இல்லாத ஒருவரைக் குற்றவாளி என்று இணையத்தில் துரத்தினார்கள் என்பதையும், அவர் பின்னர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதையும் அதே படம் சொல்கிறது. சொல்லிவிட்டு, பெரிதாக நிற்காமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. நான் நின்றுவிடுகிற இடம் அதுதான். ஒரு பொருள் எங்கே விற்கிறது என்று தேடிய வரையில் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஒரு முகத்தைக் காட்டி ‘இவன்தான்’ என்றபோதுதான் நேர்ந்தது. கொலையுண்ட மாணவரைப் பற்றி அந்தப் படத்திலிருந்து உங்கள் மகனுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டல் ஒன்றில் தங்கிய பெண், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இறந்து கிடந்ததைப் பற்றிய தொடரைப் பார்த்தேன். கடைசிவரை சதி, பேய், கொலை என்று இழுத்துவிட்டு, முடிவில் விபத்து என்கிறார்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தேன். – ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

அப்படி உணர்ந்தவர் நீங்கள் மட்டும் அல்லர். 2013-இல் நடந்த அந்த மரணத்தை, அந்தப் பெண்ணின் மனநலக் குறைவையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டு, விபத்து என்றே மருத்துவ விசாரணை அப்போதே முடிவு செய்தது. 2021-இல் வந்த தொடர் அதை முதல் பகுதியிலேயே சொல்லியிருந்தால் நான்கு பகுதிகள் ஓடியிருக்காது. ஓட்டலின் மின்தூக்கியில் அந்தப் பெண் விசித்திரமாக நடந்துகொண்ட கேமராப் பதிவை வைத்துக்கொண்டு இணையத் துப்பறிவாளர்கள் கட்டிய கோட்டைகளை நமக்கு விருந்தாகப் பரிமாறிவிட்டு, இலையை எடுக்கும்போது ‘இதெல்லாம் தவறு’ என்கிறார்கள். அந்தக் கோட்டைகளுள் ஒன்று மெக்சிகோவைச் சேர்ந்த ஓர் இசைக்கலைஞரைக் கொலைகாரர் என்று சொல்லி, அவர் தலையில் இடிந்து விழுந்தது. அவர் அந்த ஓட்டலில் தங்கியது ஓராண்டுக்கு முன்பு என்பதைக்கூட எவரும் சரிபார்க்கவில்லை. உங்கள் கோபம் நியாயமானது.

அப்படியானால் தனி மனிதர்கள் இதில் தலையிடவே கூடாது என்கிறீர்களா? – கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

இல்லை. கேரளத்துக் கூடத்தாயியில் 2002-க்கும் 2016-க்கும் இடையே ஒரே குடும்ப வட்டத்தில் ஆறு பேர் இறந்த வழக்கு, குடும்பத்தில் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பழைய ஆவணங்களைக் கேட்டு வாங்கி, அவற்றைக் காவல்துறையிடம் கொண்டுபோனதால்தான் 2019-இல் உயிர்பெற்றது. வழக்கு முடியும் முன் குற்றம் யாருடையது என்று நாம் எழுத வேண்டியதில்லை; அவர் நடந்துகொண்ட முறையை மட்டும் பாருங்கள். ஊர் முழுக்கச் சொல்லித் திரியவில்லை. காகிதம் கேட்டார், மனுக் கொடுத்தார்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உள்ள பழைய கோயில் புகைப்படங்களை அயல்நாட்டுக் காட்சிப் பட்டியல்களோடு வைத்துப் பார்த்து, இப்படிப்பட்ட சிலைகளை அடையாளம் காட்டியவர்களுள் சம்பளம் வாங்காத ஆர்வலர்களும் இருந்தார்கள். மெழுகு வார்ப்பில் ஓர் அச்சு ஒரு சிலைக்குத்தான் உதவும். வார்த்தபின் அச்சை உடைத்தாக வேண்டும். ஆகையால் சிலையைச் சுற்றிய சுடர் வளையமான திருவாசியில் ஒரு சுடர் சற்றுச் சாய்ந்திருந்தால், அதே சாய்வு இன்னொரு சிலையில் வருவதற்கில்லை. பல இரவுகள் பூதக்கண்ணாடியோடு உட்கார வேண்டிய இந்த வேலையைப் படமெடுத்தால் பார்ப்பவர் தூங்கிவிடுவார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2014 செப்டம்பரில் அந்த நடராசரும், விருத்தாசலம் கோயிலிலிருந்து திருடுபோன அர்த்தநாரியும் டெல்லியில் திருப்பி ஒப்படைக்கப்பட்டனர். அந்த நடராசரை விற்ற வியாபாரி சுபாஷ் கபூருக்கு, உடையார்பாளையம் கோயில் சிலைகள் தொடர்பான வழக்கில், 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. படங்கள் பொருந்துகின்றன என்பதோடு ஆர்வலரின் வேலை முடிந்தது. திருடன் இன்னார் என்பதை நீதிமன்றம் சொன்னது.

எங்கள் வளவுக்குப் பக்கத்து வீட்டில் பித்தளைச் சாமான்கள் காணாமல் போயின. கேமராவில் ஓர் ஆள் தெரிகிறான். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பிடித்துவிடலாம் என்கிறார்கள். போடலாமா? – கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்

போடாதீர்கள், ஆச்சி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் இதே கதை நடந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின் இரண்டாம் கட்டிலிருந்து இரண்டு வெண்கலப் பானைகள் காணவில்லை. எதிர்வீட்டுக் கேமராவில், அதிகாலை 3.40 மணிக்குத் தோளில் சாக்கோடு ஒருவர் போகிறார். குழுவில் காணொளி ஏறிய அரைமணி நேரத்தில், அவர் எங்கள் கீரைக்காரர் என்று ஊரே கண்டுபிடித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, மின்சாரம் நின்று வந்ததில் அந்தப் பதிவுக் கருவியின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடுவதை ஒரு பையன் கவனித்தான். உண்மையில் அது 5.10, அவர் தினமும் சந்தைக்குச் சாக்கோடு போகும் நேரம். மன்னிப்புக் கேட்டோம். அவர் அதன்பின் எங்கள் தெருவுக்குள் கூடையை இறக்கவில்லை. கீரை வேண்டுமானால் இன்றும் கடைத்தெருவுக்குத்தான் போகிறோம்.

நீங்கள் செய்யக்கூடியவை சிலவே. கருவியின் கடிகாரம் எவ்வளவு முன்பின் ஓடுகிறது என்று உங்கள் கைப்பேசியோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். பழைய பதிவுகளின் மேல் புதியவை ஏறி அழித்துவிடும் என்பதால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கருவியிலிருந்தே நேராகப் பதிவை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும்; கை மாறி வந்த வாட்ஸ்அப் நகலுக்கு அதைப் பெறுவது பெரும் பாடு. படத்தில் இருப்பவர் நிரபராதியானால், அவதூறு வழக்கில் நிற்கப்போவது அனுப்பியவர்.

எங்கள் தெருப் பானைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். சாவி வைத்திருந்த பங்காளி ஒருவர், தம் பெண்ணின் கல்யாணத்துக்குச் சாமான் போதவில்லை என்று எடுத்துப்போயிருந்தார், சொல்ல மறந்துவிட்டாராம். ஆகவே காவல் நிலையத்துக்குக் கிளம்புமுன், அந்த வீட்டுக்குச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.