மோட்டர் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்குதா?

பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மூணு மாசத்துக்கு முன்ன வேலைக்குப் போற வழியில, ஃபெடரல் ஹைவேயில மோட்டர் சைக்கிளுக்குன்னு இருக்கற லேன்ல பின்னால வந்தவன் இடிச்சு விழுந்துட்டாரு. தோள்பட்டை சரியாயிடுச்சு, ஆனா பின்னால மோட்டர் சத்தம் கேட்டா ஒடம்பெல்லாம் நடுங்குது, தூக்கமில்ல, எல்ஆர்டி, பஸ்னு மாறிப் போய் தினமும் லேட்டு. வார்டுல பழகின ஒருத்தரு, "நஷ்டஈடு கேஸ் முடியற வரைக்கும் மோட்டர தொடாத, மனநல டாக்டர்கிட்டயும் போகாத"ன்னாராம். கேக்கலாமா?

கேக்காதீங்க தம்பி. முதல் ஒரு மாசம் இந்த நடுக்கம் யாருக்கும் வரும், பலருக்கு தானா அடங்கிடும். அதுக்கு மேலயும் நின்னா வைத்தியம் பாக்கணும். ஒதுங்க ஒதுங்க பயம் வளரும். நிறுத்தி வச்ச மோட்டர்ல சும்மா ஒக்காருங்க, எஞ்சின ஆன் பண்ணுங்க, படபடப்பு இறங்கற வரைக்கும் எறங்காதீங்க. சில நாள் கழிச்சு தாமானுக்குள்ள ஒரு ரவுண்டு, அப்புறம் பெரிய ரோடு, அந்த லேன் கடைசியில.

ஆனா ஒண்ணு, ஓட்டும்போது திடீர்னு அந்த விபத்துலயே இருக்கற மாதிரி ஆகி, எங்க இருக்கோம்னே தெரியாமப் போச்சுன்னா இதெல்லாம் உங்களுக்கு இல்ல, டாக்டர் சொல்ற வரைக்கும் ஓட்டவே ஓட்டாதீங்க, பின்னால பிள்ளைய ஏத்தறத நெனச்சே பாக்காதீங்க. தூக்கம் வர மாத்திரை சாப்பிட்டாலும் அப்படித்தான்.

இப்ப வார்டுல பழகின அந்த ஆளு. வக்கீலுக்கு விபத்து கேஸ் புடிச்சுக் குடுக்கற இந்த ரன்னருங்களுக்கு உங்க தூக்கம் முக்கியமில்ல, கமிஷன்தான் முக்கியம். டாக்டர் ரெக்கார்டே இல்லன்னா நாளைக்கு மனசு பாதிச்சுதுன்னு எத வச்சு காட்டுவீங்க? வெத்துத்தாள்ல கையெழுத்து போடாதீங்க. சொக்சோ, அதாவது தொழிலாளர் காப்புறுதி கட்டறவரு வேலைக்குப் போற வழியில விழுந்தா நேரா அவங்க பெர்கேசோ ஆபீஸ்லயே கிளெய்ம் போடலாம், நடுவுல ஆள் எதுக்கு?

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல 1 வெள்ளிதான், அங்க லெட்டர் வாங்கிட்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்க. தேதி மட்டும் எப்பவோ தள்ளிக் குடுப்பாங்க, தூங்காதவன காக்க வைக்கறதுல நம்ம சிஸ்டத்த அடிச்சுக்க முடியாது. அதுவரைக்கும் மனநல உதவி லைன் 15555க்குப் பேசுங்க. பிரைவேட் கவுன்சலர்னா 1998 கவுன்சலர் சட்டப்படி பதிவு இருக்கணும், பதிவு நம்பர கேளுங்க, மழுப்பினா எழுந்து வந்துடுங்க. கிளினிக்ல டைம் ஸ்லிப் கேட்டு வாங்கிக்குங்க, முதலாளிகிட்ட காட்ட ஆகும்.