கரிபு குறைந்தால் முதலில் யார் துப்பாக்கியை இறக்குவது?

வாசகர் கேள்வி – பதில்

அலாஸ்காவில் கரிபு மான் மந்தை குறைகிறது, அதனால் சில நிலங்களில் வெளியூர் வேட்டைக்காரர்களுக்குத் தடை என்று போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். நாலு வரிச் செய்திக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் பாதிக்கு மேல் நீலகிரியிலிருந்து. திட்டி எழுதியவர்களும் உண்டு. சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"ஒரே நாட்டில் உள்ளூர்க்காரன் சுடலாம், வெளியூர்க்காரன் சுடக்கூடாது என்றால் அது பாரபட்சம்தானே? காடும் விலங்கும் எல்லாருக்கும் பொது இல்லையா?" – ஓய்வுபெற்ற அரசு ஊழியர், குன்னூர்

நீங்கள் கேட்டதையே அலாஸ்காவில் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பெரும்பகுதி நிலம் அமெரிக்க மத்திய அரசுக்குச் சொந்தம். அந்த நிலங்களில் விலங்கு குறைந்து எல்லாருக்கும் பங்கு போதாமல் போனால், சாப்பாட்டுக்காக வேட்டையாடுகிற கிராமத்து ஆட்களுக்குத்தான் முதலிடம் என்று 1980-ல் ஒரு சட்டம் வந்தது. கவனிக்க வேண்டியது, பழங்குடிகளுக்கு என்று அதில் இல்லை, அந்த ஊரில் குடியிருந்தால் போதும், வெள்ளைக்காரருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் 1989-ல் மாநில உச்ச நீதிமன்றம் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டது. மாநில அரசியல் சாசனப்படி காட்டு விலங்கு எல்லாருக்கும் பொது, ஊரைப் பார்த்து முன்னுரிமை தர முடியாது என்று தீர்ப்பு. ஆகவே இன்றைக்கு மத்திய நிலத்தில் ஒரு விதி, மாநில நிலத்தில் வேறு விதி. மான் எந்த நிலத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும்.

சண்டை முக்கியமாக வடமேற்கு அலாஸ்கா மந்தையைச் சுற்றி. 2003-ல் 4 லட்சத்து 90 ஆயிரம் இருந்த மந்தை, 2023 கணக்கெடுப்பில் 1 லட்சத்து 52 ஆயிரம். நோவாட்டாக் ஆற்றுப் பக்கம் இன்யூபியாட் பழங்குடி மக்கள் பல வருடமாகச் சொல்லிவரும் புகார் இதுதான்: இலையுதிர்காலத்தில் மந்தை தெற்கே இறங்கும்போது, வெளியூர் வேட்டைக்காரர்களைச் சின்ன விமானங்களில் கொண்டுவந்து மந்தை வரும் வழியிலேயே இறக்கிவிடுகிறார்கள். முன்னால் வரும் மான்களை விட்டுவிட வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அவை தடையில்லாமல் கடந்துபோனால்தான் பின்னால் வருகிற ஆயிரக்கணக்கான மான்கள் அதே தடத்தில் வரும். முதல் வரிசையை மிரட்டிவிட்டால் தடமே மாறிவிடும், ஊர் வெறுங்கையோடு நிற்கும்.

2016-ல் ஒரு வருடத்துக்கு அந்த வட்டாரத்தின் மத்திய நிலங்களை வெளியாருக்கு மூடினார்கள். 2022-ல் சில பகுதிகளை மட்டும், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கு. மாநில அரசு எதிர்த்தது. அதன் வாதமும் லேசுப்பட்டதல்ல: மொத்த வேட்டையில் வெளியார் சுடுவது சிறு பங்கு, பெரும்பங்கு ஊராருடையதுதான், அந்தச் சிறு பங்கை நிறுத்தி மந்தை எப்படிக் கூடும்? கணக்கு சரி. ஆனால் கேள்வி எண்ணிக்கை பற்றியது மட்டுமில்லை. கோட்ஸெபூ போன்ற ஊர்களுக்கு வெளியிலிருந்து வரும் சாலை கிடையாது, அரிசி, மாவு, பால் எல்லாமே விமானத்திலோ கோடையில் படகிலோதான் வந்தாக வேண்டும், அந்த விலையில் வாங்கிச் சாப்பிடுகிறவனுக்குக் கரிபு இல்லாத வருடம் என்பது கடன் வாங்கும் வருடம். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு ஒரு விடுமுறை வீண், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதைத்தான் நான் பாரபட்சம் என்பேன்.

"துருவ மானும் கரிபுவும் ஒன்றா?" – பத்தாம் வகுப்பு மாணவி, கூடலூர்

ஒரே இனம்தான். வட அமெரிக்காவில் காட்டில் திரிந்தால் கரிபு, ஆள் வளர்த்தால் துருவ மான் என்கிறார்கள். மான் குடும்பத்தில் பெட்டைக்கும் கொம்பு முளைப்பது இந்த ஒன்றில்தான்.

"வேட்டையாடித்தான் தீர்த்தார்களா, வேறு காரணமா? வேறு காரணம் என்றால் ஏன் ஏழை வேட்டைக்காரன் தலையில் கை வைக்கிறார்கள்?" – சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

வேட்டை மட்டும் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் பனிக்குப் பதில் மழை பெய்து உறைந்துவிடுகிறது. கீழே இருக்கும் லைக்கன் பாசிமேல் ஐஸ் பாளம், மான் குளம்பால் கீறினாலும் தீனி கிடைக்காது. வெயில் கூடினால் ஈயும் கொசுவும் மேய விடாது. அப்புறம் சுரங்கச் சாலைகள். கனடாவில் பாதர்ஸ்ட் மந்தை மேயும் பகுதியிலேயே வைரச் சுரங்கங்கள் வந்தன. 1986-ல் நாலரை லட்சத்துக்கும் மேல் இருந்த அந்த மந்தை 2021-ல் சுமார் 6,200. இதோடு, பல வருடங்களுக்கு ஒருமுறை கரிபு எண்ணிக்கையில் தானாகவே ஏறி இறங்கும் விலங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்காரன் தலையில் ஏன் கை வைக்கிறார்கள் என்றால், மழையைத் தடுக்க உத்தரவு போட முடியாது, சுரங்கத்தைத் தடுக்க மனசு வராது. கைக்கு எட்டுவது அவன் தலைதான். அதே சமயம் மந்தையின் எண்ணிக்கை இறங்கும்போது பெட்டைகளைச் சுட்டால் இறக்கம் வேகமாகும், அதையும் மறுக்க முடியாது. அதனால்தான் 2024 தொடக்கத்தில் அலாஸ்கா வேட்டை வாரியம் ஊராருக்கும் அளவு வைத்தது. முன்பு ஒரு ஆள் ஒரு நாளைக்கு 5 மான் சுடலாம். இப்போது வருடத்துக்கு 15, அதில் பெட்டை ஒன்றுதான்.

காகிதத்தில் நியாயமாகத் தெரியும் அந்த 'ஒரு பெட்டை'யில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோபுக் ஆற்றில் ஆனியன் போர்ட்டேஜ் என்று ஒரு துறை, ஆயிரக்கணக்கான வருடங்களாக மந்தை நீந்திக் கடக்கிற, ஆட்கள் காத்திருக்கிற இடம். கரிபுவின் ரோமத்துக்குள் காற்று இருப்பதால் முதுகு தண்ணீருக்கு மேல் தெரிய மிதந்து நீந்தும், படகில் பக்கத்தில் போய்க் கொழுத்த ஆணாகப் பார்த்து எடுப்பார்கள். அதற்குச் சரியான காலம் செப்டம்பர். அக்டோபர் வந்தால் ஆண்கள் இணைசேரும் வெறியில் இருக்கும். நம் ஊர்ப் பொலிகிடா வாடை தெரியும் இல்லையா, அதைவிட மோசம், கறியை வாயில் வைக்க முடியாது. எனவே அந்த நேரத்தில் ஊரார் பெட்டைக்கு மாறுவது பழக்கம். இப்போது சீதோஷ்ணம் மாறி மந்தை தாமதமாக வருகிறது, வரும்போதே ஆண் கறி கெட்டிருக்கிறது, பெட்டையோ வருடத்துக்கு ஒன்று. மீதி 14 காகிதத்தில் இருக்கும், சட்டியில் இருக்காது. இந்த மாதிரி விஷயம் தலைநகரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு எட்டாது.

"எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் இருந்தவர்கள். துரை சுட்டால் விளையாட்டு, நாங்கள் கண்ணி வைத்தால் கேஸ். அங்கே ஊராருக்கு முதலிடம் கொடுக்கிறார்கள், இங்கே ஏன் இல்லை?" – மசினகுடி அருகிலிருந்து ஒரு இளைஞர்

உங்கள் கோபத்துக்கு வரலாறு இருக்கிறது. நீலகிரியில் 1877-ல் வேட்டைக்காரத் துரைமார் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றுவிடவில்லை, அதற்குப் பருவமும் லைசென்ஸும் வந்தன. அவர்கள் குறி வரையாட்டில் முதுகு வெளுத்த பெரிய கிடா, தலையைச் சுவரில் மாட்டிக்கொள்ள. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் முக்குர்த்திப் பக்கம் வரையாடே மிஞ்சியிருக்காது என்பது பலர் சொல்வது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் வாங்கத் தெரிந்தவனும் பணம் இருந்தவனும் யார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்து வேட்டையை எல்லாருக்குமாக மூடின. விதிவிலக்கு, நிகோபார் தீவுப் பழங்குடிகளின் வேட்டை உரிமை, அது மட்டும் சட்டத்திலேயே காப்பாற்றப்பட்டிருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் தேன், நெல்லிக்காய், கிழங்கு, மேய்ச்சல் என்று பல உரிமைகளைத் திருப்பித் தந்தபோதும் வேட்டையும் கண்ணி வைப்பதும் சேராது என்று வெளிப்படையாக எழுதிவிட்டது.

வரையாட்டு வேட்டையைத் திரும்பத் திற என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-ல் 1,303, அதுவும் சின்னச் சின்னக் கூட்டமாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல். லட்சக்கணக்கில் இருந்து இறங்கும் மந்தைக்கு எழுதிய விதி இதற்குப் பொருந்தாது. ஆனால் அலாஸ்காவிலிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. அந்த 1980 சட்டப்படி ஒவ்வொரு வட்டாரத்திலும் ஊர் ஆட்கள் உட்காரும் ஆலோசனைக் குழு உண்டு. வேட்டை விஷயத்தில் அவர்கள் பரிந்துரையை மத்திய அரசின் வாரியம் சும்மா தள்ளிவிட முடியாது. ஆதாரம் இல்லை, விலங்குக்குக் கேடு, ஊரார் சாப்பாட்டுக்கே கேடு, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். நம் பக்கம் குறும்பரும் காட்டுநாயக்கரும் இருளரும் பெரும்பாலும் வழிகாட்டியாகவும் வேட்டைத் தடுப்புக் காவலராகவும்தான் வனத்துறையோடு நடக்கிறார்கள். தீர்மானம் எழுதும் மேஜையில் அவர்களுக்கு நாற்காலி கேளுங்கள், அந்தக் கோரிக்கைக்கு என் ஓட்டு உண்டு.

"இதெல்லாம் எங்கள் ஊர் இ-பாஸ் மாதிரிதானே?" – விடுதி நடத்துபவர், கொடைக்கானல்

கொஞ்சம் அப்படித்தான். 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவந்தபோது உள்ளூர் வண்டிக்கு விலக்கு, வெளி வண்டிக்குப் பதிவு, அடுத்த வருடம் தினசரி எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு. அங்கே விமானம் ஓட்டுகிறவர்களும் வழிகாட்டிகளும் எங்கள் பிழைப்பு போச்சு என்கிறார்கள், இங்கே நீங்கள் சொல்கிறீர்கள். ஒரு வித்தியாசம், உங்களுக்கு வருகிற கூட்டம் குறையும், அவ்வளவுதான். நோவாட்டாக்கில் மூடிய மாதங்களில் வெளி வேட்டைக்காரர் ஒருவர்கூட அங்கே கரிபு சுட முடியாது.

"கரடியையும் ஓநாயையும் சுட்டுவிட்டால் மான் தானாகப் பெருகாதா?" – ஒரு வாசகர், பழனி அடிவாரம்

செய்து பார்த்தார்கள். தென்மேற்கு அலாஸ்காவில் முல்சாட்னா மந்தைக்காக 2023-ல் மாநில அரசு ஹெலிகாப்டரிலிருந்து 99 கரடிகளைச் சுட்டது, கூடவே 5 ஓநாய். விஷயம் நீதிமன்றம் வரை போனது. எனக்கு அது ஒப்பவில்லை. ஊராரில் பலர் ஆதரித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சரி, எல்லாவற்றையும் மூடிவிட்டால் மந்தை திரும்பி வருமா?" – ஆசிரியை, உதகை

வரும் என்று உத்தரவாதம் கிடையாது. கிழக்குக் கனடாவில் ஜார்ஜ் ஆற்று மந்தை 1990-களில் ஏழு லட்சத்துக்கு மேல். லாப்ரடாரில் 2013 ஜனவரியில் வேட்டைக்கு முழுத் தடை போட்டார்கள், பழங்குடிகளுக்கும் சேர்த்து. இன்னு மக்கள் எங்களைக் கேட்காமல் போட்ட தடை என்று அதை மீறிச் சுட்டார்கள். 2018-ல் எண்ணியபோது 5,500 சொச்சம். அதற்குப் பிறகு எண்ணியபோதும் பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. நம் முக்குர்த்தியில் வேட்டை நின்று ஐம்பது வருடம் ஆகிறது, வரையாட்டுக்கு இன்றைய தலைவலி துப்பாக்கி இல்லை, புல்வெளியை விழுங்கும் சீகை (வாட்டில்) மரமும் பைனும். அதை வெட்ட வேண்டுமா, வெட்டினால் மீண்டும் முளைக்காமல் என்ன செய்வது, யாரை வேலைக்கு வைப்பது என்று தனியாகவே ஒரு கட்டு கடிதம் வந்திருக்கிறது. அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.