ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் "உங்களால் கொடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். மனசு ஆறவில்லை. என்ன செய்வது?

கல்லூரி முகாமில் கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டு வந்தார்கள், என்னை மட்டும் திருப்பி அனுப்பினார்கள், மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கு வருத்தப்படலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சின்ன விஷயம் இல்லை. எனக்கு இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த நீலத் தண்ணீர் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு மலைக்குக் கீழே, கம்பம் பக்கத்தில். காலையில் லோயர் கேம்ப் வழியாக மலை ஏறி, சாயங்காலம் இறங்குவேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் இதே பாடுதான். விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து இடுக்கித் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போவார்கள். அப்பா அப்படி ஒரு ஜீப்பின் டிரைவர். நான் பத்தாவது படித்தபோது ஒரு மழை நாளில் வண்டி உருண்டு அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. கோட்டயத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலு பை ரத்தம் ஏற்றினார்கள். அந்த ஊரில் எங்களுக்கு ஒரு ஆளைத் தெரியாது. அந்த நாலு பையைக் கொடுத்தவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் வீட்டில் "நாலு பை" என்றால் அதுதான். அப்பா நடக்க ஆரம்பித்த நாளில், முதல் சம்பளம் கொண்டுவந்த நாளில், அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று "யாரு பெத்த பிள்ளைகளோ, நல்லா இருக்கணும்" என்பாள். நான் கணக்கு எழுதுகிறவள். எனக்கு அது ஒரு பாக்கி மாதிரியே மனதில் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்து காலூன்றியதும் நாலு தடவை கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கொடுப்பதெல்லாம் என் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

24 வயதில் அந்த வாய்ப்பு வந்தது. ஜூன் 14, உலக ரத்த தான நாள். ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனரின் பிறந்தநாள் அது. குமுளியில் ஒரு மண்டபத்தில் முகாம் போட்டிருந்தார்கள். வெளியே விடாத சாரல். கடையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் போனோம்.

மேஜையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் நீலக் கரைசல். அது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் துளி மூழ்கிவிடும்படி அதன் அடர்த்தியைக் கணக்காக வைத்திருப்பார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை ஒரு விரல் உயரத்திலிருந்து அதில் விடுவார்கள். எனக்கு முன்னால் நின்றவளின் துளி குன்றிமணி போல நேராக அடிக்குப் போனது. என்னுடையது கொஞ்சம் இறங்கியது. நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏறி, மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு கலங்கியது. அந்த நர்ஸ் சேச்சி இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். அதுவும் மிதந்தது. "ரக்தம் குறவா மோளே, இப்போ பற்றில்லா" (ரத்தம் குறைவு மகளே, இப்போது முடியாது) என்று மலையாளத்தில் சொல்லி என் கையில் பஞ்சை வைத்து அழுத்தினார். அன்பாகத்தான் சொன்னார். வாசலில் கொடுத்தவர்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். எனக்கும் நீட்டினார்கள். வாங்க முடியவில்லை. குடையைக்கூட எடுக்காமல் மழையில் கடைக்கு நடந்துவிட்டேன்.

அதன் பிறகு வீட்டில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட், ஆட்டு ஈரல், எல்லாம் நடந்தது. மருந்துக்கடையில் நானாகவே இரும்புச்சத்து மாத்திரை வாங்கி ஐந்து மாதம் விழுங்கினேன். அடுத்த முகாமிலும் துளி மிதந்தது. "வேற ஒரு முகாமுக்குப் போவோம், அங்க பார்த்தும் பார்க்காம விட்டுடுவாங்க" என்று ஒரு தோழி சொன்னாள். ஒரு ராத்திரி முழுக்க அதை யோசித்தேன். போகவில்லை. நீங்களும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கொடுப்பதற்கு முன் செய்கிற சோதனையும் படிவத்தில் கேட்கிற கேள்விகளும் வெறும் சடங்கு இல்லை. கொடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் சோதிப்பார்கள், உண்மைதான். ஆனால் கிருமி உடம்பில் புகுந்த முதல் சில நாட்களில் எந்தச் சோதனையிலும் அது அகப்படாது. அந்த இடைவெளியை அடைப்பது நாம் சொல்லும் உண்மை மட்டும்தான். என் அப்பாவுக்கு ரத்தம் கொடுத்த நாலு பேரும் அந்த மேஜையில் பொய் சொல்லவில்லை. அதை நினைத்தபோது என் ஆசை அடங்கிவிட்டது.

அப்புறம் தேனியில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். முதல் கேள்வியே "யாரைக் கேட்டு அஞ்சு மாசம் இரும்பு மாத்திரை சாப்பிட்டீங்க?" என்பதுதான். முழு ரத்தப் பரிசோதனை எடுத்தார். ஹீமோகுளோபின் 10.6. சிவப்பணுக்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் சின்னது. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80க்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 65. உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் நன்றாகவே இருந்தது. "இது இரும்புக் குறைவு மாதிரித் தெரியல" என்று ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. என்ற சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். ஹீமோகுளோபின் ஏ2 என்ற பகுதி 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எனக்கு 5.2. தலசீமியா மைனர். உடம்பு ஹீமோகுளோபினைப் போதிய அளவு உண்டாக்காத பரம்பரைக் குறைதான் தலசீமியா. நான் நோயாளி இல்லை, அந்தக் குறையைச் சுமக்கிறவள். அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்தது, பிறந்ததிலிருந்து இருக்கிறது. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு இருக்கிறதாம். மருந்து எதுவும் வேண்டாம், வேலை வெட்டி எல்லாம் எப்போதும் போலச் செய்யலாம் என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு 12.5 எப்ப வரும் டாக்டர்?" அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "வராதும்மா" என்றார்.

பஸ்ஸில் சின்னமனூர் தாண்டும் வரை அழுதேன். அழுகையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று எல்லோரும் சொல்லும்போது, அடுத்த தடவை என்று ஒன்றே இல்லாதவர்களுக்கு அந்த ஆறுதல் குத்தும். உங்களிடம் யாராவது அப்படிச் சொல்லி அது வலித்திருந்தால் அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன், நாலு பையையும் திருப்பவே முடியாது என்று. அவர் திண்ணையில் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "தாயி, குடுத்தவங்க யாருன்னே நமக்குத் தெரியாது. நீ யாருகிட்டக் கொண்டுபோய்த் திருப்புவ? அவங்க கடனாவா குடுத்தாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உடனே மனசு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றோடு அதைக் கணக்காக எண்ணுவதை விட்டேன்.

அந்த ரிப்போர்ட்டால் வேறு ஒரு காரியம் நடந்தது. சுமக்கிற இரண்டு பேர் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, தலசீமியா மேஜர் என்ற கடுமையான வகையோடு பிறக்க. அந்தக் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. மருத்துவர் இதைச் சொன்ன பிறகு வீட்டில் எல்லோரையும் சோதிக்கச் சொன்னேன். தங்கைக்கும் இருந்தது, தம்பிக்கு இல்லை. எனக்கு வரன் பார்த்தபோது ஜாதகத்தோடு இதையும் சொல்லிவிட வேண்டும் என்று நின்றேன். "பொண்ணுக்கு ஏதோ ரத்த வியாதின்னு ஊரெல்லாம் பேர் ஆயிரும்" என்று பெரிய மாமா கோபப்பட்டார். இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவதாக வந்தவர் மறுநாளே போய்ச் சோதித்துக்கொண்டு வந்தார். அவருக்கு இல்லை. இப்போது எங்களுக்கு ஒரு மகன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என்ன காரணத்தால் வேண்டாம் என்றார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ரத்த வங்கிக்கு நேரில் போய்க் கேட்டாலும் சொல்வார்கள். பல காரணங்கள் தற்காலிகமானவை. மலேரியா வந்து குணமாகி மூன்று மாதம், டைபாய்டு என்றால் 12 மாதம், பச்சை குத்தியிருந்தால் 12 மாதம், பிரசவம் ஆகி 12 மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 12.5. பெண்கள் அதிகமாகத் திரும்பி வருவது அங்கேதான். குறைவு என்று சொன்னால் கீரை சாப்பிடுவதோடு விட்டுவிடாதீர்கள், ஏன் குறைவு என்று ஒரு மருத்துவரிடம் பாருங்கள். சோதனையில் மஞ்சள் காமாலை பி அல்லது சி என்று தெரிந்து நிரந்தரமாக வேண்டாம் என்றிருந்தால், வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், உடனே சிகிச்சைக்குப் போங்கள், வீட்டில் உள்ளவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். பி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. சி வகைக்குப் பெரும்பாலும் முழுதாகக் குணமாக்கும் மாத்திரையே இருக்கிறது.

நான் இப்போது செய்வது என்ன என்றால், கடை மேஜையில் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறேன். ஜீப் டிரைவர்கள், ஸ்டோரில் காய் காய வைக்கிறவர்கள், ஏலத்துக்கு வரும் பையன்கள், யார் என்ன பிரிவு, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. ரத்தத்தைப் பிரித்த பிறகு சிவப்பணுவை ஆறு வாரம் வரை வைக்கலாம், ரத்தம் உறைய உதவும் தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. அதனால் ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட வாரம் இரண்டு பேராகப் போவது உதவும் என்று ஒரு ரத்த வங்கிக்காரர் சொன்னார், அதற்கு ஏற்றபடி அனுப்புகிறேன். எல்லையில் இருப்பதால் ஒரு நாள் கோட்டயத்திலிருந்து போன் வரும், ஒரு நாள் தேனியிலிருந்து. முதல்முறை கொடுக்கிற பிள்ளைகளோடு கூடப் போய் உட்காருவேன். பைக்குள் ரத்தம் இறங்கும்போது அவர்கள் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இதைச் செய்வதால் அந்தத் துளி மூழ்கிவிட்டதாக ஆகாது. இன்றும் நீலக் குடுவையைப் பார்த்தால் வயிற்றில் ஏதோ செய்யும்.

போன மாசம் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தில் காய் எடுக்கும் ஒரு அக்கா, அவர்கள் கூட்டத்தில் ஒருத்தியின் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி ரத்தம் வேண்டும் என்றதும் ஒரு நாள் கூலியை விட்டு என்னோடு தேனிக்கு வந்தாள். எடை மெஷினில் ஏறினாள். 43. வேண்டாம் என்றுவிட்டார்கள். "நாப்பது கிலோ மூட்டையத் தூக்கிட்டு மேடு ஏறுறேன், ஒரு பை ரத்தம் குடுக்க மாட்டேனா?" என்று கேட்டாள். எடை குறைந்த உடம்பில் மொத்த ரத்தமே குறைவு, அதில் 350 மில்லி எடுத்தால் உனக்குத் தாங்காது என்று நான் விளக்கினேன். தலையை ஆட்டினாள். கூட வந்த இரண்டு பையன்கள் கொடுத்து முடித்தார்கள், வேலை நடந்தது. அவள் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வீரபாண்டி வந்தபோது அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அப்போது நான், "எனக்கும் மிதந்துச்சுக்கா" என்றேன். என்ன மிதந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், மழையில் நடந்துபோனது வரைக்கும். கேட்டுவிட்டு, "அந்த ஜூஸ நீ வாங்கலையா?" என்றாள்.

"இல்லக்கா."

மடியிலிருந்த மஞ்சப்பையைத் துழாவினாள். "எனக்குக் குடுத்தாங்க. நான் வாங்கிட்டேன்" என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, பாதியை என் கையில் வைத்தாள். சின்னமனூர் வரும்வரை இரண்டு பேரும் தின்றுகொண்டே வந்தோம்.