அமெரிக்காவில் நீராவி இன்ஜினைக் கடைசிவரை கைவிடாத பெரிய ரயில்வே எது? பிக் பாய்தான் உச்சம் என்கிறார்களே, உண்மையா?

நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே. வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரம் அதன் தலைமையிடமாக இருந்தது. மற்ற பெரிய ரயில்வேகள் பெரும்பாலும் 1950களின் நடுவிலேயே டீசலுக்கு மாறி முடித்திருந்தன. இது 1960 மே மாதம் வரை நீராவியை ஓட்டியது. இரண்டாவது கேள்விக்கும் என் பதில் இதே ரயில்வேதான். யூனியன் பசிபிக் ரயில்வேயின் பிக் பாய் மாபெரும் இன்ஜின், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீராவி இன்ஜினை வைத்து ஒரு ரயில்வே எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்டால், ரோனோக்கைத்தான் காட்டுவேன்.

நான் ஆலைப் பராமரிப்பில் வேலை பார்ப்பவன். ஓர் இயந்திரம் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன், அது மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எண்ணெய் போட எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பது எங்கள் வழக்கம். இந்தக் கண்ணோடு பார்த்ததால்தான் இந்த ரயில்வே என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் நிலக்கரி. மேற்கு வர்ஜீனியாவின் போகஹான்டஸ் சுரங்கங்களிலிருந்து உயர்தர நிலக்கரியைக் கிழக்கே நார்ஃபோக் துறைமுகத்தின் லாம்பர்ட்ஸ் பாயின்ட்டுக்கும், மேற்கே ஒஹாயோவுக்கும் கொண்டுபோவதுதான் இந்த ரயில்வேயின் பிழைப்பு. எரிபொருள் பாதையோரத்திலேயே கிடைத்தது. அதோடு, நிலக்கரிச் சுரங்கக்காரர்களே முதன்மை வாடிக்கையாளர்கள். இன்ஜினில் டீசலை ஊற்றுவது வாடிக்கையாளரின் சரக்கை வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். நீராவியை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இது வலுவான காரணம். ஆனால் நிலக்கரிப் பகுதியில் ஓடிய வேறு ரயில்வேகளும் இருந்தன. அவை முன்பே கைவிட்டுவிட்டன. ஆகவே நிலக்கரி பாதிக் காரணம்தான்.

மறுபாதி ரோனோக் பணிமனை. அமெரிக்க ரயில்வேகளில் பெரும்பாலானவை பால்ட்வின், ஆல்கோ, லைமா ஆகிய மூன்று நிறுவனங்களிடம் இன்ஜின் வாங்கின. இவர்களோ தாங்களே வரைந்து, தாங்களே கட்டினார்கள். 1884 முதல் 1953 வரை அந்தப் பணிமனையிலிருந்து 447 நீராவி இன்ஜின்கள் வெளிவந்தன. வரைபடம் போட்டவரும், இன்ஜினைக் கட்டியவரும், பழுது பார்த்தவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். ஒரு பேரிங் சூடேறினால் அந்தச் செய்தி வரைபட மேசைக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அடுத்த இன்ஜினில் அது திருத்தப்பட்டிருக்கும். இந்தத் தொடர்பு எவ்வளவு பெரிய சொத்து என்பது பராமரிப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவர்களின் பெயர் சொல்லும் இன்ஜின் வகைகள் மூன்று: மலையில் சரக்கு இழுக்க ஒய்6, வேகச் சரக்குக்கு ஏ, பயணிகள் ரயிலுக்கு ஜே.

ஒய்6 ஒரு மாலே வகை. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த பொறியாளர் அனதோல் மாலே வகுத்த அமைப்பு அது. ஒரே கொதிகலனுக்கு அடியில் இரண்டு தொகுதிச் சக்கரங்கள் இருக்கும். பின்தொகுதி கொதிகலனோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும், முன்தொகுதி கீல் வைத்ததுபோல் வளைவுகளில் திரும்பும். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் பின்னால் உள்ள 25 அங்குல விட்டமுள்ள சிலிண்டர்களில் வேலை செய்யும். அழுத்தம் குறைந்த பிறகு வீணாக வெளியே போகாமல், முன்னால் உள்ள 39 அங்குல சிலிண்டர்களில் இரண்டாம் முறை வேலை செய்யும். ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்கும் இந்த உத்தி நமக்கும் புதிதல்ல. மேட்டுப்பாளையம்–குன்னூர் பல்சக்கரப் பாதையில் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜின்களும் அதைத்தான் செய்கின்றன: சாதாரணச் சக்கரங்களை ஓட்டிய நீராவியே பல்சக்கரத்தை ஓட்டும் சிலிண்டர்களுக்குப் போகிறது.

மற்ற அமெரிக்க ரயில்வேகள் மாலே இன்ஜினை மெல்ல நகரும் பழங்காலப் பொருள் என்று ஒதுக்கிவிட்டன. அதில் நியாயமும் இருந்தது. முன் சிலிண்டர்களின் கனமான பிஸ்டன்கள் வேகத்தில் ஆட்டம் கொடுக்கும், நீராவி போகும் வழிகள் குறுகலாக இருந்தால் மூச்சு முட்டும். ரோனோக்கில் அதை விடாமல் இழைத்தார்கள். முதல் உலகப் போர்க்காலத்தின் அரசு மாதிரி வடிவில் 1919-ல் வந்த ஒய்3-லிருந்து, 1930-ல் ஒய்5, 1936-ல் ஒய்6, பிறகு ஒய்6ஏ, ஒய்6பி என்று படிப்படியாக வளர்த்தார்கள். நீராவி வழிகளை அகலப்படுத்தினார்கள், சட்டத்தை ஒரே வார்ப்பு எஃகுத் துண்டாக ஆக்கினார்கள், அச்சுகளுக்கெல்லாம் ரோலர் பேரிங் போட்டார்கள். ஒய்6, ஒய்6ஏ, ஒய்6பி மூன்றும் சேர்ந்து 81. கடைசி ஒய்6பி வெளிவந்தது 1952-ல்.

கிளம்பும்போது நான்கு சிலிண்டர்களுக்கும் நேரடி நீராவி கொடுத்தால் ஒய்6-ன் இழுவிசை 1,52,206 பவுண்டு, ஏறக்குறைய 69 டன். பிக் பாயின் இழுவிசை 1,35,375 பவுண்டு. வேகத்தில் பிக் பாய் வெகுதூரம் முந்திவிடும், ஏனென்றால் ஒய்6-ன் சக்கரங்கள் ஐந்தடி விட்டம்கூட இல்லாதவை. ஆனால் நிலக்கரிப் பெட்டிகளை மலைமேல் ஏற்றுவதற்கு வேகம் எதற்கு?

வேகம் வேண்டிய இடத்துக்கு ஏ வகை இருந்தது. 1936 முதல் 1950 வரை 43 இன்ஜின்கள். இதுவும் முன்தொகுதி திரும்பும் இன்ஜின்தான், ஆனால் நான்கு சிலிண்டர்களுக்கும் எப்போதும் நேரடி நீராவி, சக்கரங்கள் 70 அங்குலம். மேற்கு வர்ஜீனியாவின் வில்லியம்சனிலிருந்து ஒஹாயோவின் போர்ட்ஸ்மத் வரை ஆற்றோரச் சமநிலத்தில் 150 பெட்டிகளுக்கு மேல் கோத்த நிலக்கரி ரயிலைத் தனியாக இழுத்துப்போகும். அவசரத்துக்குப் பயணிகள் ரயிலிலும் பூட்டுவார்கள். இழுவைக் கொக்கியில் அளந்தபோது சுமார் 6,300 குதிரைத்திறன் பதிவானது. பிக் பாய்க்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் சொல்லப்படுகிறது. நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியைச் சேர்க்காமல் பிக் பாய் 7,62,000 பவுண்டு எடை, ஏ வகை 5,73,000 பவுண்டு. கேட்டவருக்கு நான் தரும் நேரடிப் பதில் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

ஜே வகையைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதற்கு முன்னால் வந்த தோல்வியைச் சொல்ல வேண்டும். 1926-ல் ரோனோக்கில் கே3 என்று 10 சரக்கு இன்ஜின்கள் கட்டினார்கள். சக்கரங்களின் எடைச்சமன் சரியாக அமையவில்லை. ஓட ஓடத் தண்டவாளத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடித்தன. மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. பிறகு வேறு ரயில்வேகளுக்கு விற்றுவிட்டார்கள்.

அதே பணிமனையிலிருந்து 1941-ல் ஜே வந்தது. 4-8-4 சக்கர அமைப்பு, அதாவது முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் எட்டு ஓட்டுசக்கரம், பின்னால் நான்கு. கொதிகலன் அழுத்தம் முதலில் சதுர அங்குலத்துக்கு 275 பவுண்டு, பின்னர் 300. இழுவிசை 80,000 பவுண்டு. துணை இயந்திரம் எதுவும் பூட்டாத 4-8-4 இன்ஜின்களில் இதைவிட வலுவானது அமெரிக்காவில் இல்லை. மலைப்பாதை என்பதால் சக்கரத்தை 70 அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கவில்லை. மற்றவர்கள் விரைவு ரயில் இன்ஜின்களுக்கு 80 அங்குலம் வைத்த காலம் அது.

இந்தச் சிறிய சக்கரத்தோடுதான் 610-ஆம் எண் ஜே, பென்சில்வேனியா ரயில்வேயில் சோதனைக்குப் போனபோது, 15 பெட்டிகளை இழுத்துக்கொண்டு மணிக்கு 110 மைல் வேகத்தில் ஓடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் ஒவ்வொரு சக்கரமும் நிமிடத்துக்குச் சுமார் 528 முறை சுற்ற வேண்டும். நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு முறை முன்னே போய், நின்று, பின்னே வர வேண்டும். கே3 போல எடைச்சமன் தவறியிருந்தால் அந்த வேகத்தை நினைத்தே பார்க்க முடியாது. இலகுவான எஃகில் செய்த இணைப்புத் தண்டுகள், அவற்றின் முனைகளில்கூட டிம்கென் நிறுவனத்தின் ரோலர் பேரிங், துல்லியமாகக் கணக்கிட்ட சமன் எடைகள் ஆகியவை சேர்ந்து சாதித்தது அது. 15 ஆண்டுகளுக்குள் ஒரே பட்டறை இவ்வளவு கற்றுக்கொண்டது என்பதுதான் எனக்கு ஜேயின் பெருமை. குண்டு முனை போன்ற மூக்கும், கருப்பு உடலில் செம்மண் நிறப் பட்டையும் பலரைக் கவரும். பயணிகள் பெட்டிப் பிரிவின் ஃபோர்மேன் ஃபிராங்க் நோயல் வடித்த வடிவம் அது. எனக்கு அந்த மூக்கைவிட இணைப்புத் தண்டுகள்தான் அழகு.

இனி நான் எழுத விரும்பிய பகுதிக்கு வருகிறேன். நீராவி இன்ஜினின் பெரிய பலவீனம் ஓடும்போது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். சாம்பல் அள்ள வேண்டும், நெருப்பைச் சுத்தம் செய்ய வேண்டும், நூற்றுக்கணக்கான இடங்களில் கைப்பட எண்ணெயும் கிரீஸும் போட வேண்டும். பல ரயில்வேகளில் இன்ஜின் லோகோ ஷெட்டில் கழித்த நேரம் பாதையில் கழித்த நேரத்துக்குப் போட்டியாக இருந்தது. டீசல் வென்றது முக்கியமாக இந்த இடத்தில்தான்.

நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் இந்த இடத்தைத்தான் முதலில் அடைத்தது. ஜே வகையில் இருநூறுக்கும் மேற்பட்ட உராய்வுப் புள்ளிகளுக்கு, ஓடும்போதே எண்ணெய் தள்ளும் இயந்திர லூப்ரிகேட்டர்களைப் பொருத்தினார்கள். சக்கரத்தின் அசைவிலேயே சிறு பம்புகள் இயங்கும். மெல்லிய குழாய்கள் வழியாக ஒவ்வொரு புள்ளிக்கும் அளவாக எண்ணெய் போகும். ஓட்டுநர் எண்ணெய்க் கேனோடு சுற்றிச்சுற்றி வர வேண்டியதில்லை.

ஷெட்டையும் மாற்றினார்கள். ரோனோக்கின் ஷாஃபர்ஸ் கிராஸிங் போன்ற இடங்களில் லூப்ரிடோரியம் என்ற நீளமான கட்டடங்களைக் கட்டினார்கள். இன்ஜின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். இடையில், உயர் அழுத்தக் குழாய்களால் கிரீஸ் ஏற்றுவார்கள், லூப்ரிகேட்டர்களை நிரப்புவார்கள், கீழே குழியில் நின்று சோதிப்பார்கள். நிலக்கரி, தண்ணீர், மணல், சாம்பல் என எல்லாம் வரிசையில் முடிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இன்ஜின் அடுத்த ரயிலுக்குத் தயாராகிவிடும். ஜே இன்ஜின்கள் மாதத்துக்கு 15,000 மைல் வரை ஓடியதற்கு இதுதான் அடிப்படை. அந்த இன்ஜின்களில் புரட்சிகரமான கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ரோலர் பேரிங், வார்ப்புச் சட்டம், லூப்ரிகேட்டர் மூன்றுமே கடையில் கிடைத்தவை. மற்ற ரயில்வேகளுக்கும் கிடைத்தவைதான்.

மேற்கு வர்ஜீனியாவின் எல்க்ஹார்ன் ஏற்றத்தை இந்த ரயில்வே 1915-லேயே மின்மயமாக்கியிருந்தது. சுரங்கப்பாதைக்குள் புகை மூச்சடைத்ததுதான் காரணம். 1950-ல் ஏற்றம் குறைந்த புதிய பாதையும் இரட்டைப் பாதைச் சுரங்கமும் திறந்தபோது, மின்கம்பிகளைக் கழற்றிவிட்டு மறுபடி நீராவியைக் கொண்டுவந்தார்கள். மின்சாரத்திலிருந்து நீராவிக்குத் திரும்புவது உலகம் போன திசைக்கு நேர் எதிர். ஒய்6பி மீது அவ்வளவு நம்பிக்கை.

1952-ல் நான்கு யூனிட் டீசலை வரவழைத்து, ஏ, ஒய்6 இன்ஜின்களோடு ஒரே பாதையில் போட்டிக்கு விட்டார்கள். எரிபொருள் செலவிலும் இழுத்த சுமையிலும் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். 1954-ல் ஜான் ஹென்றி என்ற செல்லப்பெயர் பெற்ற, நீராவி டர்பைனால் மின்சாரம் எடுத்து ஓடும் டர்பைன்-மின்சார இன்ஜினையும் பால்ட்வின் நிறுவனத்திடம் செய்து வாங்கினார்கள். டெண்டரோடு 161 அடி நீளம், 4,500 குதிரைத்திறன். நிலக்கரியை மிச்சப்படுத்தியது, ஆனால் நிலக்கரித் தூசும் மின்கருவிகளும் ஒத்துப்போகவில்லை. சில ஆண்டுகளிலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் ஏன் தோற்றார்கள்? 1958-ல் தலைவராக வந்த ஸ்டூவர்ட் சாண்டர்ஸ் மீது பழி போடுபவர்கள் உண்டு. அவர் மாற்றத்தை விரைவுபடுத்தினார் என்பது உண்மை. ஆனால் முதல் டீசல்கள் 1955-லேயே வந்துவிட்டன. உண்மையான சிக்கல் பணிமனைக்கு வெளியே இருந்தது. நாடு முழுவதும் டீசலுக்கு மாறியதும் நீராவி இன்ஜினுக்கான பம்பு, வால்வு, இன்ஜெக்டர் செய்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக அந்தத் தொழிலை விட்டன. இன்ஜினைச் சொந்தமாகக் கட்டலாம்; அதன் ஒவ்வொரு உதிரிப் பொருளையும் சொந்தமாக வார்க்க முடியாது. அதே நேரத்தில் கூலியும் நிலக்கரி விலையும் ஏறின. 1953 டிசம்பரில் ரோனோக்கில் கட்டி முடித்த 244-ஆம் எண் ஷண்டிங் இன்ஜின்தான் அமெரிக்காவின் முதல்நிலை ரயில்வே ஒன்று தன் சொந்த உபயோகத்துக்காகக் கட்டிய கடைசி நீராவி இன்ஜின்.

மூன்று வகைகளிலும் ஒவ்வொன்று மிஞ்சியிருக்கிறது. ஏ வகை 1218 ரோனோக்கின் வர்ஜீனியா போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உலகில் எஞ்சிய ஒரே 2-6-6-4 இன்ஜின் அது. ஒய்6ஏ 2156 செயின்ட் லூயிஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். 1950-ல் 2,51,544 டாலர் செலவில் கட்டிய ஜே 611, 1956 ஜனவரியில் டக் ஆற்றோரம் தடம்புரண்டு, ஓட்டுநர் உயிரிழந்தார். அந்த விபத்துக்குப் பின் முழுமையாகப் பழுது பார்த்ததால் மற்ற ஜேக்களைவிட நல்ல நிலையில் இருந்தது. 14-ல் அது மட்டும் உடைப்புக்குப் போகாமல் தப்பியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 1982 முதல் 1994 வரை சுற்றுலா ரயில்களை இழுத்தது, 2015-ல் மீண்டும் உயிர்பெற்றது. அமெரிக்கா போகிறவர்கள் 611 எந்த ஊரில் ஓடுகிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், இடம் மாறிக்கொண்டே இருக்கும். அது கிடைக்காவிட்டால் பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் ரயில்பாதைக்குப் போங்கள். இதே ரயில்வேக்காக 1906-ல் கட்டிய 475-ஆம் எண் சிறிய இன்ஜின் அங்கே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.