அசையாத ஏணி

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் முதலாண்டு மாணவி. எனக்கு ரோபோக்கள் மீதுதான் ஆசை. ஆனால் இந்தப் பருவம் முழுக்க அசையாத பொருட்களையே படித்துக்கொண்டிருக்கிறோம். விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்யம், திருப்புத்திறன்களின் (ஒரு விசை பொருளைச் சுழற்றப் பார்க்கும் அளவு) கூட்டுத்தொகை பூஜ்யம். நிலையியல் என்றால் இந்த இரண்டு வரிதானே? அதற்கு ஏன் இத்தனை மாதம்? வெட்கத்தை விட்டுச் சொன்னால், இரண்டு வரி தெரிந்தும் எனக்குக் கணக்கு தப்பாகிறது. தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு நேராக ரோபோவுக்குப் போய்விடலாமா?

ந.

அன்புள்ள ந.,

இரண்டு வரி தெரிந்தும் கணக்கு தப்பாகிறது என்கிறீர்களே, அதைத்தான் பேசவேண்டும். பெரும்பாலும் தப்பு நடப்பது அந்த வரிகளை எழுதுவதற்கு முன்னால், படத்தில்.

நானும் முதலாண்டில் படம் போடாமல் சமன்பாட்டுக்குத் தாவியவன்தான். வாய்மொழித் தேர்வில் ஓர் ஆசிரியர் மேஜைமேல் கிடந்த புத்தகத்தைக் காட்டி, அதன்மேல் என்னென்ன விசைகள் என்று கேட்டார். எடை கீழ்நோக்கி, மேஜையின் எதிர்விசை மேல்நோக்கி, புத்தகம் மேஜையை அழுத்தும் விசை மறுபடி கீழ்நோக்கி என மூன்று அம்பு போட்டேன். "அப்போ புத்தகம் மேஜையைத் துளைச்சிக்கிட்டுப் போயிருமே" என்றார். மூன்றாவது அம்பு மேஜையின் படத்தில் இருக்கவேண்டியது. புத்தகத்துக்கு வருவதை மட்டும்தான் புத்தகத்தின் படத்தில் போடலாம், புத்தகம் பிறருக்குக் கொடுப்பதைப் போடக்கூடாது. இவ்வளவு எளிய விஷயம் எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது.

ஃப்ரீ பாடி டயகிராம் என்பது இதுதான். ஒரு பொருளைச் சுற்றிக் கோடு கிழித்து, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் பிய்த்துவிடுகிறீர்கள். பிய்த்த இடத்திலெல்லாம் ஓர் அம்பு. எடைக்கு ஒன்று. எங்கே கோடு கிழிப்பது என்று முடிவு செய்வதற்குத்தான் அத்தனை மாதப் பயிற்சியும்.

ஓர் ஏணியை எடுத்துக்கொள்வோம். நீளம் 5 மீட்டர், அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, நுனி 4 மீட்டர் உயரத்தில். ஏணியின் எடை 200 நியூட்டன், ஏறுபவர் 600 நியூட்டன். சுவர் வழவழப்பு என்று வையுங்கள், அது ஏணியைக் கிடைமட்டமாக மட்டுமே தள்ளும். ஏணியின் அடியைப் புள்ளியாக வைத்துத் திருப்புத்திறன் எடுங்கள். அவர் அடிப்படியில் நிற்கும்போது சுவரின் விசை 75 நியூட்டன். உச்சிக்குப் போனால் 525. தரையின் உராய்வுதான் இதை ஈடுகட்டவேண்டும். ஆனால் தரையின் செங்குத்து எதிர்விசை இரண்டு நிலையிலும் அதே 800 நியூட்டன். அதாவது தேவைப்படும் உராய்வுக் குணகம், உராய்வை அந்தச் செங்குத்து விசையால் வகுத்தால் வருவது, 0.1-க்கும் குறைவில் தொடங்கி 0.66 வரை ஏறுகிறது. முதல் படியில் கல்லுப்போல நிற்கும் ஏணி மேலே போகப் போக வழுக்குவது இதனால்தான். வழுக்கும்வரை ஏணி அசையவே இல்லை, ஆனால் அதற்குள் எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள்.

படம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான கதை உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். உள்கூடத்தில் நான்காம் தள நடைபாலமும், அதற்கு நேர்கீழே இரண்டாம் தள நடைபாலமும் கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கின. முதலில் வரைந்தபடி ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்கவேண்டும். பிறகு அதை இரண்டு துண்டாக்கினார்கள்: மேல்பாலம் கூரையிலிருந்து, கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து. ஒரு கயிற்றில் இருவர் தனித்தனியாகத் தொங்குவதற்கும், ஒருவர் கயிற்றைப் பிடிக்க மற்றவர் அவர் காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கயிற்றுக்கு அதே பளு. மேலே இருப்பவரின் கைப்பிடிக்கு இரண்டு மடங்கு. மேல்பாலத்தின் விட்டத்துக்கு அடியில் இருந்த நட்டுதான் அந்தக் கைப்பிடி. முதல் வடிவமைப்பே விதிமுறை கேட்ட பலத்துக்குக் குறைவு, மாற்றம் அதை இன்னும் மோசமாக்கியது. 1981 ஜூலை 17 அன்று பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். அந்த இணைப்பை மட்டும் தனியாகப் பிய்த்துப் படம் போட்டால் முதலாண்டு மாணவிக்கே தெரிந்துவிடும் கணக்கு இது.

சரி, உங்கள் ரோபோ. கையை நீட்டி 2 கிலோவை அரை மீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது. தோளில் இருக்கும் மோட்டார் அந்தப் பளுவுக்கு மட்டுமே சுமார் 9.8 நியூட்டன் மீட்டர் கொடுத்துக்கொண்டிருக்கவேண்டும், கையின் சொந்த எடை தனி. எந்த மோட்டார் வாங்குவது என்ற கேள்வியின் முதல் பாதி நிலையியல்தான். கை அசையும்போது வருவது அதற்கு மேல் சேர்வது. அப்புறம் பீமை நடுவில் வெட்டி உள்விசை பார்ப்பதும், நீர், காற்று போன்ற பாய்மத்தைச் சுற்றி எல்லை போடுவதும் இதே கோடு கிழிக்கும் வேலைதான். நேராகத் தாவினால் அங்கே போய் இதையே படிப்பீர்கள், கூடுதல் எரிச்சலோடு.

கணக்குப் போடும்போது அம்பின் திசை தெரியாவிட்டால் ஊகித்துப் போடுங்கள், தப்பென்றால் விடை மைனஸில் வரும், அவ்வளவுதான். விடை வந்ததும் வேறொரு புள்ளியை வைத்து ஒருமுறை திருப்புத்திறன் எடுத்துச் சரிபாருங்கள். தீர்த்த கணக்குகளைப் படிப்பதால் பெரிய பயனில்லை என்பது என் அபிப்பிராயம். எல்லாம் புரிந்தது போலவே இருக்கும்.

அந்த ஏணிக்குத் திரும்பி வாருங்கள். சுவரும் சொரசொரப்பாக இருந்தால்? தெரியாத விசைகள் நான்கு, கையில் சமன்பாடுகள் மூன்று. ஆனால் ஏணி இரு முனையிலும் சரியத் தொடங்கும் அந்தக் கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், உராய்வுக் குணகங்கள் தெரிந்திருக்கும் பட்சத்தில், முட்டுக்கட்டை விலகிவிடும். ஏன் என்று போட்டுப் பார்த்து எழுதுங்கள், படத்தோடு.