ஹாரிசனின் தட்டுகள்: கடலூரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து நால்வர் குழுவின் எல்.பி.க்களை (நீண்ட நேரம் ஓடும் பெரிய இசைத்தட்டுகளை) ஆறு வருடமாகச் சேர்த்து இப்போதுதான் முடித்தேன். அடுத்து நால்வரும் தனித்தனியே போட்ட தட்டுகளையும் சேர்க்க ஆசை, ஆனால் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. எங்கே தொடங்குவது? அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெட்டியும் முதல் இரண்டு தட்டும்தான் இருக்கின்றன. வாங்கலாமா?

ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

நால்வரையும் ஒரே நேரத்தில் துரத்தாதீர்கள், யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது ஜார்ஜ் ஹாரிசனை. 1968 ஜனவரியில் அவர் பம்பாய் ஹெச்.எம்.வி. ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு படத்துக்காக நம்மூர்க் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். சந்தூர் என்ற காஷ்மீரத் தந்தி வாத்தியம் வாசித்தவர் சிவ்குமார் ஷர்மா. அதுதான் ‘வொண்டர்வால் மியூசிக்’, அந்த வருடம் நவம்பரில் வந்தது, பீட்டில்ஸின் சொந்த இசை நிறுவனமான ஆப்பிள் வெளியிட்ட முதல் எல்.பி.யும் அதுவே. அதே பம்பாய்ப் பதிவுகளில் உருவான இன்னொரு துண்டுதான் பீட்டில்ஸின் ‘லேடி மடோனா’ சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டின்) பின்பக்கத்தில் இருக்கிற ‘தி இன்னர் லைட்’. சிங்கிளை ஓட்டிவிட்டு உடனே வொண்டர்வாலைப் போட்டுக் கேளுங்கள், குழுவுக்குள் இந்த மனிதர் எதைக் கொண்டுவந்தார் என்பது காதிலேயே தெரிந்துவிடும். தனித்தட்டு சேர்ப்பதில் எனக்குக் கிடைக்கிற பெரிய சந்தோஷம் இதுதான்.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். 1970 நவம்பரில் வந்தபோது அது மூன்று தட்டு. மூன்றாவது கிட்டத்தட்ட முழுக்க ஜாம், அதாவது கலைஞர்கள் கூடி மனம்போன போக்கில் வாசித்தது, முக்கியமான பாட்டெல்லாம் முதல் இரண்டிலேயே இருக்கிறது. கேட்பதற்கு என்றால் தாராளமாக வாங்குங்கள், முழுப் பெட்டியின் விலை சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள். ‘இஸ்ன்ட் இட் எ பிட்டி’ இரண்டு முறை வரும், முதல் பக்கக் கடைசியில் ஒன்று, நான்காம் பக்கத்தில் ஒன்று. இரண்டையும் போட்டுக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். தலைப்புப் பாட்டை 1969 ஜனவரியில் நால்வரும் சேர்ந்தே ஒத்திகை பார்த்தார்கள், ஆனால் குழு இருந்த காலத்தில் வந்த எந்த ஆல்பத்திலும் அது இடம்பெறவில்லை. அதனால் உங்கள் பீட்டில்ஸ் வரிசை முடிந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், நீங்கள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிரான்சில் அறுபதுகளில் சிங்கிளைவிட நான்கு பாட்டு இ.பி.தான் அதிகம் ஓடியது, அட்டையும் தடிமனாக, வண்ணப் படத்தோடு வரும். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்படி ஒரு பீட்டில்ஸ் இ.பி. எனக்குக் கிடைத்தது. சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) ஒருவர் வீட்டுச் சாமானோடு வந்தது என்றார் கடைக்காரர். அட்டையின் பின்னால் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர், அதன் மேலேயே காபி டம்ளர் வைத்த வட்டம். கறையை நான் துடைக்கவில்லை.

கடல் காற்றில் தட்டில் பூஞ்சை பூக்கும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள், லேபிளில் ஈரம் படக்கூடாது. பீட்டில்ஸ் பாட்டுகள் இந்தியாவில் 78 தட்டாகவும், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டாகவும், வந்தன, உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். அது கிடைத்தால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

சந்தைக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள். பழைய இந்திப் படத் தட்டுகளுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், என் இ.பி. அங்கேதான் இருந்தது.